சாக்குப் போட்ட பக்கம்

எங்கள் ஊர் அணி ஆடும் ஆட்டத்துக்கு எங்கள் ஊர்க்காரர் விசில் ஊதக்கூடாது என்பது வழக்கம். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததல்ல. முதல் வருடம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு டிரில் மாஸ்டரை அழைத்து வந்தார்கள். மறு வருடமும் அப்படியே. மூன்றாவது வருடம் அது வழக்கமாகிவிட்டது. வெளியூர்க்காரர் என்றால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பார் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை போன விதத்தையும், அதன் பிறகு நானாக இழுத்துப்போட்டுக்கொண்ட வேலையையும் நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

ஊர் பாலக்காட்டுச் சீமையில் பெருமாட்டிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தென்னந்தோப்பு, நிலக்கடலை, தண்ணீர் வந்தால் நெல். இங்கே கூடைப்பந்து வந்ததற்குக் காரணம் ஒரு களம். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், ரைஸ்மில் வைத்திருந்தார். புழுக்கிய நெல்லைக் காயப்போட மில்லுக்கு முன்னால் பெரிய சிமெண்டுக் களம் போட்டிருந்தார். கோயமுத்தூரில் படிக்கும்போது கூடைப்பந்து ஆடிவிட்டு ஊர் திரும்பிய எங்களில் சிலருக்கு அந்தக் களத்தைப் பார்த்தபின் கை சும்மா இருக்கவில்லை. இரும்புக் குழாயில் கம்பம் நட்டோம். பலாப் பலகையில் போர்டு அடித்தோம். சுண்ணாம்பில் கோடு போட்டோம். அறுவடை முடிந்து மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, வரும்போது நெல்லை அள்ளிவிட்டிருப்பார்கள், களம் காலியாக இருக்கும். அந்த நாட்களில் டோர்னமெண்டு நடத்தத் தொடங்கினோம்.

மில் கட்டடம் களத்துக்கு மேற்கே. பிற்பகலில் அதன் நிழல் களத்தின் மேற்குக் கோட்டின்மேல் விழும். ஆகவே கூட்டம் முழுவதும் மேற்குப் பக்கம்தான். கிழக்கே வாய்க்கால் கரை, கண் கூசும் வெயில். வெளியூர் அணியோடு வந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கே நிற்பார்கள். நிழல் பக்கத்தில் இடம் பிடிக்க ஒரு முறை இருந்தது. காலையிலேயே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சாக்கைக் கொண்டுவந்து கோட்டோரம் விரித்துவிட்டுப் போவார்கள். சாக்கு கிடந்தால் அந்த இடம் அந்த வீட்டுக்கு. மாலை வரை ஆள் வராவிட்டாலும் வேறு யாரும் அதில் உட்காரமாட்டார்கள், ஓரம் தள்ளவும் மாட்டார்கள். தள்ளினால் சண்டை வருமா என்று எனக்குத் தெரியாது. யாரும் தள்ளிப் பார்த்ததில்லை.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் நடுப்பகுதி. இடுக்கி மலையில், மூணாறுக்கும் அப்பாலுள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு அணி முதல்முறையாக வந்திருந்தது. ஃபேக்டரிக்கு முன்னால் லாரி திரும்புகிற முற்றத்தில் ஆடிப் பழகியவர்கள். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று லாரியில் இறங்கி வந்திருந்தார்கள். அவர்களுடைய கேப்டனுக்கு வேலை கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில். ஒல்லியான மனிதர், முப்பது வயதுக்குள் இருக்கும். பந்தைத் தட்டிக்கொண்டு அவர் ஓடி வந்தால் எங்கள் பையன்கள் திகைத்துப் போவார்கள்.

அரையிறுதியில் அவர்களும் நாங்களும் மோதினோம். நான் மேஜையில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் பொள்ளாச்சி டிரில் மாஸ்டரிடம். நல்ல மனிதர். மதியம் மச்சான் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, தோளில் போட்ட துண்டோடு களத்துக்கு வந்தார். வெயிலில் எதற்கு ஓடவேண்டும் என்று நிழல் பக்கத்துக் கோட்டை ஒட்டியே ஓடினார். எங்கள் ஊர்க்காரர்கள் அவரைத் திட்டவில்லை. நடுவரைத் திட்டும் ஊர் இல்லை எங்களுடையது. ஒவ்வொரு தடவை அவர் முன்னால் வரும்போதும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"ஏனுங்க சார், அந்தத் தம்பி இடிச்சத நீங்க பாக்கலீங்களா?"

"சாருக்கு வெயிலு கண்ணுல அடிச்சிருக்குமுங்க. நம்ம பக்கமே நில்லுங்க சார்."

"கண்ணாடி வேணுமுங்களா? என்ற கண்ணாடியத் தாறேன், போட்டுப் பாருங்க."

இதற்குச் சிரிக்காமல் இருக்க முடியாது. அவரும் சிரித்தார். மேஜையிலிருந்து பார்த்த எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. ஆட்டத்தின் பாதிக்குமேல் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மலை அணிப் பையன்மேல் எங்கள் ஆள் மோதும்போது விசில் சட்டென்று வராது. கூட்டம் பேசாமலிருக்கும், விசிலும் பேசாமலிருக்கும். எங்கள் ஆள்மேல் அவர்கள் மோதும்போது முதலில் மேற்குப் பக்கத்திலிருந்து "ஃபவுல்" என்று ஒரு சத்தம் எழும். அதன் பிறகுதான் விசில். சத்தம் முன்னே, விசில் பின்னே. அதைப் பார்த்த பிறகு நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மாஸ்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொய்யாக ஒன்றையும் ஊதவில்லை. சந்தேகம் வந்த இடங்களில், சந்தேகத்தைக் கூட்டம் தீர்த்துவைத்தது. அவ்வளவுதான். ஆனால் சந்தேகங்களைக் கூட்டிப் பார்த்தால் ஆட்டமே அதில் அடங்கிவிடும்.

அப்போது ஒரு விதி இருந்தது. ஃபவுல் செய்தவர் மேஜையைப் பார்த்துத் திரும்பி ஒரு கையை உயர்த்தவேண்டும். யார்மேல் எழுதுவது என்று மேஜைக்குத் தெரிவதற்காக. ஆட்டம் முடியப்போகும் சமயம் மலை கேப்டன்மேல் ஒரு விசில் வந்தது. சத்தத்துக்குப் பின்னால் வந்த விசில். அவர் கையை உயர்த்தவில்லை. மாஸ்டர் இரண்டாவது முறையும் ஊதினார். கேப்டன் பந்தைக் கீழே மெதுவாக வைத்தார். தன் ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். ஐந்து பேரும் வெளியே போய்விட்டார்கள். எங்கள் பக்கம் ஆரவாரம். நாங்கள் இறுதி ஆட்டத்துக்குப் போனோம்.

நான் மேஜையை விட்டு எழுந்து லாரியருகே போனேன். சட்டையை மாற்றிக்கொண்டிருந்தார் கேப்டன்.

"பாதியில போறது சரியில்லீங்க" என்றேன்.

"சரியில்லதான் அண்ணாச்சி. நாங்க அஞ்சு பேரு விளையாட வந்தோம். உங்க ஊரு மொத்தமா விளையாடுது. எண்ணிக்கை ஒத்துவரலை."

"அவரு வெளியூர்க்காரருங்க. எங்களுக்கு ஒறவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அதான் அண்ணாச்சி கேடு. வெளியூர்க்காரருக்குப் பொழுதோட பஸ்ஸு ஏறணும்லா. கூட்டத்தத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகணும்."

லாரிக்குள்ளிருந்து ஒருவர், "ஏலே, ஏறு. அடுத்த வருசம் இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்கப்போறதில்ல, பேசி என்ன ஆவப்போவுது" என்றார்.

"அடுத்த வருசமும் வரோணும்" என்றேன். "விசிலு நான் புடிக்கறேன்."

கேப்டன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். "நீங்க இந்த ஊருதான?"

"இந்த ஊருதான். மில்லு என்ற மச்சானுது."

லாரியில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வாக்கா?" என்று கேட்டார். "வாக்கு" என்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் யோசித்தது இதுதான். கூட்டம் என்பது அந்த மாஸ்டருக்கு ஒரே சத்தம். எனக்கு அப்படியில்லை. எனக்கு அது நல்லேப்பிள்ளியிலிருந்து வரும் என் மனைவியின் சித்தப்பாவின் குரல், பால் சொசைட்டிக்காரரின் குரல், என் தோட்டத்தில் கிணறு வெட்டியவரின் குரல். முகம் தெரிந்த குரலுக்கு எதற்குப் பயப்படவேண்டும்? ஆகவே உள்ளூர்க்காரன்தான் ஊதவேண்டும். மேலும், சத்தத்துக்கு முன்னால் விசில் வந்துவிட்டால் போதும். சத்தம் விசிலை இழுக்க முடியாது. நான் என் விசிலை முன்னால் வைத்துக்கொள்வேன். இப்படி மிகத் தெளிவாக இருந்தேன். அன்றைய நாட்குறிப்பிலும் இதைத் தெளிவாகவே எழுதினேன்.

மறு வருடம் நோம்பிக்கு முன்பு மச்சானிடம் சொன்னேன். அவர் மில் வாசலில் தவிட்டு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஊதறதா? வழக்கமில்லீங்களே."

"வழக்கமில்லீங்க. ஆனா வாக்குக் குடுத்துட்டேன்."

"என்ற பையன் ஆடறான். உங்களுக்கு மருமகன் முறை. அவன் மேல ஃபவுல் ஊதுனா ஊட்டுல உங்களுக்குச் சோறு கெடைக்குமுங்களா?"

"ஊத வேண்டியிருந்தா ஊதுவேனுங்க. சோத்துக்கு உங்க தங்கச்சி இருக்கறா."

"அவ என்ற தங்கச்சிங்க" என்றார் மச்சான், மூட்டையைத் தட்டிக்கொண்டே.

பொள்ளாச்சி மாஸ்டரை இரண்டாவது நடுவராக வைத்துக்கொண்டோம். அவருக்கு வருத்தமில்லை, பாதிச் சுமை குறைந்ததாகச் சொன்னார். மலைக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டோம். வருவார்களா என்று கடைசி வரை தெரியாது. நோம்பியின் இரண்டாம் நாள் அந்த லாரி வந்து வாய்க்கால் கரையில் நின்றது. இந்தத் தடவை அணியோடு பெண்களும் வந்திருந்தார்கள், கொழுந்து எடுக்கிறவர்கள். இறங்கியதும் கிழக்குப் பக்கம் வெயிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

இறுதி ஆட்டத்தில் மறுபடி அவர்களும் நாங்களும். கேப்டன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேறொன்றும் பேசவில்லை. நான் மேற்குப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன், வேண்டுமென்றே. சத்தம் எங்கே அதிகமோ அங்கே நிற்கவேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

ஆட்டம் தொடங்கியதும் என் திட்டப்படி ஊதினேன். இரண்டு உடல்கள் நெருங்கும்போதே விசிலை உதட்டில் இறுக்கிக்கொள்வேன். கூட்டத்தில் மூச்சு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். அது குரலாக வெளிவருவதற்குள் ஊதிவிடுவேன். முதல் விசில் மச்சான் மகன்மேல். அவன் என்னைப் பார்த்து, "மாமா" என்று மட்டும் சொன்னான். பிறகு மேஜையைப் பார்த்துக் கையை உயர்த்தினான். நல்ல பையன். இரண்டாவது விசிலும் எங்கள் ஆள்மேல்தான். மேற்குப் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. எனக்குள் ஒரு திருப்தி. கூட்டத்துக்கு நான் அடங்கவில்லை. மூன்றாவது, நான்காவது என்று போனது. மச்சான் மகன்மேல் மட்டும் நான்கு ஃபவுல் ஏறிவிட்டது. இன்னும் ஒன்று வந்தால் அவன் வெளியே போகவேண்டும்.

"ஏனுங்க மாப்ள, பொண்ணு குடுத்த ஊரு நெனப்பு இருக்குதுங்களா?" என்று ஒரு குரல். மனைவியின் அந்தச் சித்தப்பாதான்.

"அவரு மலையேறிட்டாருங்க. தேத்தண்ணி ருசி கண்டுட்டாரு."

"போகட்டும் உடுங்க, ஊட்டுக்கு வந்துதான ஆவோணும்."

சிரிப்பு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாதி ஆட்டம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது மலை கேப்டன் பந்தோடு உள்ளே நுழைந்தார், மச்சான் மகனுக்கு அடுத்து நின்ற எங்கள் பையன் கையை நீட்டினான், நான் ஊதினேன். எங்கள் பையன் கையை உயர்த்தினான். அப்போது கேப்டன் மேஜையிடம் நேரம் நிறுத்தக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு வார்த்த."

"சொல்லுங்க."

"இப்ப ஊதுனீங்கள்ல, அந்தத் தம்பி என்னத் தொடல."

நான் எங்கள் பையனைத் திரும்பிப் பார்த்தேன்.

"அதுக்கு முந்தி உங்க மருமவன் மேல ஊதுனதும் அப்படித்தான். காத்துதான் பட்டுச்சு."

"இதச் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லியே" என்றேன்.

"இருக்கு அண்ணாச்சி. போன வருசம் எங்களுக்கு நடந்தது இன்னிக்கு அந்தத் தம்பிக்கு நடக்குது. இப்படி ஜெயிச்சுட்டு மலைக்குப் போனா லயத்து வீடுகள்ல என்னன்னு சொல்ல? ரெஃப்ரி நம்ம பக்கம்னா? அத எங்க சனமே நம்பாது. வாக்குக் குடுத்தீங்க. அது இதுக்கில்ல."

சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். ஊதிய விசிலைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை. ஆட்டத்தைத் தொடர்ந்தேன். பாதி முடிந்து மணி அடித்ததும் களத்தின் நடுவிலேயே நின்றேன். எனக்கு விளங்கியது இதுதான்: சத்தத்தை முந்தவேண்டும் என்று நினைத்ததால் நான் சத்தத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சி மாஸ்டரைக் கூட்டம் ஒரு பக்கம் இழுத்தது. என்னை மறுபக்கம் தள்ளியது. அவர் காதால் ஊதினார். நானும் காதால்தான் ஊதியிருக்கிறேன்.

மச்சான் களத்துக்குள் வந்துவிட்டார்.

"போதுமுங்களா? இன்னும் பழி தீர்க்க வேண்டியது இருக்குதுங்களா?"

"தப்பா ஊதிட்டேனுங்க. இனி அப்படி வராது."

வாதம் செய்யத் தயாராக வந்தவருக்கு ஒப்புதல் எதற்கும் உதவாது. "செரி, அப்ப மிச்சத்துல செரிக்கட்டிப் போடுங்க" என்றார்.

"செரிக்கட்டவும் மாட்டேனுங்க. மிச்சம் மிச்சமாவே இருக்கட்டும். ஆனா ஒரு ஒத்தாச வேணும். ஆளுகளக் கொஞ்சம் அக்கட்டால போய் உக்காரச் சொல்லுங்க. எல்லாரும் ஒரே பக்கம் இருந்தா காதுல அதுதான் விழுகுது."

"சாக்குப் போட்ட எடத்த உட்டுட்டா? நான் சொன்னாக் கேப்பாங்களா?"

நானே சொல்லிப் பார்த்தேன். கோட்டோரம் நடந்து, "மில்லு நெழல் இப்ப அந்தப் பக்கமும் எட்டிருச்சுங்க, பாதிப் பேரு அக்கட்டால வந்தா நல்லாருக்கும்" என்றேன். உண்மையில் நிழல் களம் முழுவதையும் மூடி வாய்க்கால் வரை போயிருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் எழவில்லை. "செரிங்க, அவுங்க போகட்டுங்க" என்று ஒவ்வொருவரும் பக்கத்துச் சாக்கைக் காட்டினார்கள்.

வரிசையின் நடுவில் எங்கள் வீட்டுச் சாக்கு கிடந்தது. அதில் என் மனைவியும் அவளுடைய அண்ணியும் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள்.

"எந்திரி" என்றேன்.

"எதுக்குங்க?"

"சாக்கு வேணும்."

"ஏனுங்க, நான் உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா? இதையும் தப்பாத்தான் பாக்கறீங்களா?"

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பொரியை மடியில் கட்டிக்கொண்டு எழுந்தாள். "வாங்க அண்ணி" என்றாள். "என்னய எதுக்குக் கூப்புடற, என்ற பையனுக்கு நாலு ஃபவுலு" என்றாள் அண்ணி. எழவில்லை, தரையில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். நான் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு களத்தின் குறுக்கே நடந்தேன். எனக்குப் பின்னால் என் மனைவி. நூற்றுக்கணக்கான கண்கள் முதுகில் இருப்பது தெரிந்தது. கிழக்குக் கோட்டில், மலைப் பெண்களுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்தேன். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி, "வாங்க மதினி, தேத்தண்ணி இருக்கு" என்று தூக்குப்போசியைத் திறந்தாள்.

நான் திரும்பி நடுக்கோட்டுக்கு வருவதற்குள் பால் சொசைட்டிக்காரர் தன் சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "அங்கிருந்து பாத்தாப் போர்டு நல்லாத் தெரியுமுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். அவரைப் பார்த்து இன்னும் நான்கைந்து வீடுகள். பாதிக் கூட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாம் பாதி தொடங்கியபோது சத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. கிழக்கிலிருந்து எங்கள் ஊர்க் குரலும் மலைக்குரலும் கலந்து வந்தன. எது யாருடையது என்று பிரிக்க எனக்கு நேரமில்லை. பிரிக்கவும் கூடாது என்று தீர்மானித்திருந்தேன்.

இந்த முறை விசிலை உதட்டில் இறுக்கவில்லை. மோதல் நடக்கட்டும், கண் பார்க்கட்டும், சத்தம் வருவதானால் வந்து போகட்டும். அதன் பிறகு நான் பார்த்தது எதுவோ அதை ஊதுவேன். சில விசில்கள் தாமதமாக வந்ததாகப் பிறகு சொன்னார்கள். இருக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் அதே தாமதம்.

புள்ளிகள் ஒட்டிக்கொண்டே ஏறின. கடைசியில் நாங்கள் ஒரு புள்ளி முன்னே. மேஜையில் இருந்தவர் மணியின் கயிற்றைக் கையில் பிடித்துவிட்டார். மலை கேப்டன் பந்தை வாங்கிக்கொண்டு வலது ஓரமாக ஓடி வந்து உள்ளே வெட்டினார். மச்சான் மகன் கூடைக்கு முன்னால் வந்து நின்றான். கேப்டன் எழும்பினார். இருவரும் மோதி விழுந்தார்கள். பந்து போர்டில் பட்டுக் கூடைக்குள் விழுந்தது.

இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கத்தின. மேற்கே "இடிச்சுட்டான்", கிழக்கே "கூடை, கூடை". இது பையனின் தவறானால் கூடை செல்லும், மலை அணி ஜெயிக்கும், ஐந்தாவது ஃபவுலோடு மச்சான் மகன் வெளியே போவான். கேப்டனின் தவறானால் கூடை செல்லாது, எங்கள் ஊர் ஜெயிக்கும். மச்சான் மகன் அந்த இடத்தில் முதலில் வந்து நின்றதை நான் பார்த்தேன். இரண்டு காலும் தரையில் ஊன்றியிருந்தன. கேப்டன் எழும்பும்போது அவை அசையவில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. மலை அணிக்கு நான் கொடுத்த வாக்கை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று ஒரு கணம் மனம் போனது. உடனே அதுவும் ஒரு சத்தம்தான் என்று தெரிந்தது. ஊதினேன். கேப்டனைக் காட்டினேன். கூடை செல்லாது என்று கைகளைக் குறுக்கே வீசினேன்.

மேற்கே ஆரவாரம் எழுந்து சட்டென்று அடங்கியது. காரணம், கேப்டன் இன்னும் கையை உயர்த்தவில்லை. போன வருடம் கை உயராமல் ஆட்டம் நின்றதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவர் எழுந்து, முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினார். கிழக்குப் பக்கம் அவருடைய ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் நடுவில் என் மனைவியும் நின்றுகொண்டிருந்தாள். கேப்டன் என்னைப் பார்க்கவில்லை. இன்னும் தரையில் உட்கார்ந்திருந்த மச்சான் மகனைப் பார்த்தார். அவன் நின்ற இடத்தைப் பார்த்தார். கையை நீட்டி அவனைத் தூக்கி நிறுத்தினார். பிறகு மேஜையைப் பார்த்துத் திரும்பி, வலது கையை நேராக உயர்த்தினார். எழுதுகிறவர் எழுதி முடித்துத் தலையசைக்கும் வரை கையை இறக்கவில்லை.

மீதி ஆட்டம் மீதி ஆட்டமாக நடந்து முடிந்தது. மணி அடித்தது. எங்கள் ஊர் ஒரு புள்ளியில் ஜெயித்தது. கூட்டம் களத்துக்குள் பாய்ந்து என்னைச் சூழ்ந்துகொண்டது.

"என்ன இருந்தாலும் நம்மாளு நம்மாளுதானுங்க" என்றார் சித்தப்பா. "மொதல்ல கொஞ்சம் பயங்காட்டிட்டீங்க. கடைசீல கைவிடலீங்க."

"அவன் காலு நகுந்திருந்தாக் கூடைய அவுங்களுக்குத்தான் குடுத்திருப்பேனுங்க" என்றேன்.

"செரிங்க, செரிங்க. நீங்க அப்படித்தான் சொல்லோணும்."

இன்னும் இரண்டு முறை சொன்னேன். அவர் இரண்டு முறையும் கண்ணைச் சிமிட்டினார். மச்சான் மட்டும் மகன் கால் ஊன்றி நின்ற இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மறுநாள் மில்லில், "அடுத்த வருசமும் நீங்களே ஊதுங்க, மாப்ள. ஆனா மொதல் பாதியையும் ரெண்டாம் பாதி மாதிரியே ஊதுங்க" என்றார்.

வெளிநாடுகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு கூடைப்பந்து ஆடும் அணிகள்கூடச் சொந்த ஊரில்தான் அதிகம் ஜெயிக்கின்றனவாம். பிறகு எப்போதோ இங்கிலீஷ் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். அங்கே நடுவர்கள் எந்தப் பக்கம் நின்று ஓடுகிறார்கள், கூட்டம் எப்படி உட்காருகிறது என்று எழுதியிருக்கவில்லை. அதைத்தான் நான் தேடினேன்.

ஆட்டம் முடிந்த அன்று, லாரி புறப்படும்போது வாய்க்கால் கரைக்குப் போனேன். கேப்டன் முன்பக்கப் பலகையில் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல வார்த்தை எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றுதான் போனேன்.

"வலிக்குதா?" என்று முழங்காலைக் காட்டிக் கேட்டேன்.

"வலிக்குது அண்ணாச்சி. தோத்த வலியும் சேந்து வலிக்குது." கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "சித்திரையில எங்க எஸ்டேட்டுல ஒரு ஆட்டம் வச்சிருக்கோம். உங்க ஊர்ப் பயலுவளக் கூட்டிக்கிட்டு வாங்க. விசிலு நீங்க புடிக்கணும்."

"உங்க ஊர் ஆட்டத்துக்கு நானா? உங்க சனம் ஒத்துக்குமா?"

"ஒத்துக்காது. எங்க பொம்பளையாளுக தகரம் தட்டுவாங்க, காது செவுடாயிரும். பாத்துக்கிடுங்க."

லாரியின் பின்னாலிருந்து பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி நிஜமாகவே லாரியின் தகரத்தைத் தட்டிக் காட்டினாள். "வரேன்" என்றேன். இந்தத் தடவை வாக்கா என்று அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது என் மனைவி திடீரென்று நின்றாள்.

"ஏனுங்க, சாக்கு எங்கீங்க?"

நான் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. மலைப் பெண்கள் தங்களுடையது என்று சுருட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும். அவள் லாரி போன பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"போகட்டும் உடுங்க" என்றாள். "சித்திரையில போறப்ப அதுலயே உக்காந்துக்கறேன்."